என் ஆய்வேட்டின் முதல் வாக்கியம்

திண்டுக்கல் கோர்ட்டில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறேன் என்று கிளம்பிய பைத்தியக்காரன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஐம்பதுகளின் கடைசியில் பி.எல். முடித்துவிட்டு ஒரு சீனியரிடம் சேர்ந்திருந்தேன். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, புகையிலைக் கமிஷன் என்று அவருக்கு வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டேன் என்று சொன்னதும், எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இருக்கிற சட்டத்தைச் சொன்னாலே கட்சிக்காரன் கேக்க மாட்டேங்கிறான். நீ ஆராய்ச்சி பண்ணி யாருகிட்டய்யா விக்கப் போற?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த வயதில் எனக்கு நியாயம் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

என் தலைப்பு மரண வாக்குமூலம். வெட்டுப்பட்டோ தீப்பட்டோ உயிருக்குப் போராடுகிறவர் தனக்கு என்ன நடந்தது என்று சொல்வதை மாஜிஸ்ட்ரேட் வந்து எழுதிக்கொள்வார். ஆள் செத்துவிட்டால் அந்தக் காகிதமே கோர்ட்டில் சாட்சி. சத்தியப் பிரமாணம் வேண்டாம், குறுக்கு விசாரணை கிடையாது. சாகப்போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் கொடுத்த சலுகை அது. என் ஆய்வேட்டின் முதல் வாக்கியமும் அந்த நம்பிக்கையைத்தான் சொன்னது. அதை எழுதிய அன்று எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அப்பா இல்லாத வீடு. அம்மா, நான், தங்கச்சி. பகலில் கோர்ட்டு, கோர்ட்டு இல்லாத நாட்களில் பழைய தீர்ப்புக் கட்டுகள். வருஷத்துக்கு இரண்டு தடவை ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பேராசிரியரைப் பார்த்து வருவேன். எழுதுவது இங்கிலீஷில். எழுதியதைத் தங்கச்சியிடம் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அவளிடம் சொல்ல வராத பத்தி எனக்கே புரியாத பத்தி என்று கண்டுகொண்டேன். அவள் எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள்.

"சாகப்போறவ பொய் சொல்ல மாட்டான்னு யாருண்ணே சொன்னா?"

"சட்டம் சொல்லுது."

"செத்துப் பாத்தவுக எழுதுன சட்டமா?"

மாஜிஸ்ட்ரேட் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சொந்தக்காரர்களை வெளியே அனுப்ப வேண்டும். நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். உன் பேர் என்ன, இப்போது எங்கே இருக்கிறாய், என்ன நடந்தது, யார் மேலாவது சந்தேகம் உண்டா, யாராவது சொல்லிக்கொடுத்துச் சொல்கிறாயா. இந்த வரிசையை அவளை வைத்துத்தான் ஒத்திகை பார்த்தேன். பாயில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாள். நான் மாஜிஸ்ட்ரேட். யார் மேல் சந்தேகம் என்று கேட்டால், "எங்கண்ணன் மேலதான் எசமான். ஆராய்ச்சி பண்ணியே கொன்னுட்டான்" என்று முனகுவாள். அம்மா அடுப்படியிலிருந்து, "அமங்கலமா வெளையாடாதீகடா" என்று கத்துவாள்.

நாகல் நகரில் அவளைக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குப் புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பங்கு இருந்தது. சீர் சாமான்களோடு என் பங்குக்கு ஒரு பித்தளைப் பம்பு ஸ்டவ் வாங்கிக் கொடுத்தேன். விறகுப் புகையில் அவளுக்குக் கண் எரியும். அடுத்த வருஷமே ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை கை நீட்டுகிறவன் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இரண்டு தடவை வீங்கிய முகத்தோடு வந்தாள். இரண்டு தடவையும் அம்மா சமாதானம் சொல்லித் திருப்பிக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தாள். ஊரில் எல்லா அம்மாக்களும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். குழந்தையிடம் மட்டும் அவன் வேறு மாதிரி இருந்தான். கிட்டங்கியிலிருந்து வந்ததும் கைகால் கழுவி, புகையிலை நெடி போகிற வரை தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் அதைத் தூக்குவான். எனக்கு அவனைப் பிடிக்காது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு சித்திரை மாதம், கோர்ட்டு வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, தங்கச்சி மேல் தீப்பிடித்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் அதிகம் இல்லை. கழுத்துக்குக் கீழே நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை சுவரோரம் குந்தியிருந்தான். அவன் கையிலும் கொப்புளங்கள் இருந்தன. அணைத்ததால் வந்தவையா என்று நான் கேட்கவில்லை.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "அண்ணே, மாஜிஸ்ட்ரேட்டு வருவாராண்ணே?"

"வருவாரும்மா. நடந்ததச் சொல்லு. பயப்படாத."

"நீ சொல்லிக்குடுத்தேன்னு ஆயிரும். வெளிய போ."

அந்த நிலையிலும் அவளுக்கு விதி ஞாபகம் இருந்தது. நான் வராந்தாவுக்கு வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். சப் மாஜிஸ்ட்ரேட் என்னைத் தெரிந்தவர். என் ஆராய்ச்சிக்குப் பழைய கட்டுகளை எடுத்துக் கொடுத்து உதவியவர். உள்ளே போய் எல்லாரையும் அனுப்பினார். டாக்டர் எழுதிக் கொடுத்தார். கேள்விகள் அதே வரிசையில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் தெளிவாகப் பதில் சொன்னாள். பால் காய்ச்ச ஸ்டவ்வைப் பற்றவைத்தேன், பம்பு அடித்தேன், வெடித்துச் சேலையில் பிடித்துவிட்டது. யார் மேலும் சந்தேகம் இல்லை. வீட்டுக்காரர்தான் ஓடிவந்து அணைத்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடவோ கைநாட்டு வைக்கவோ விரல்கள் உதவாது என்பதால் கால் கட்டைவிரலில் மை தடவி உருட்டினார்கள்.

வெளியே வந்த மாஜிஸ்ட்ரேட் என் தோளில் கை வைத்தார். "இவ்வளவு தெளிவா யாரும் சொல்லி நான் எழுதினதில்ல. மனசத் தேத்திக்கிடுங்க" என்றார். நல்ல மனுஷர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மறுநாள் பொழுது விடிய அவள் போய்விட்டாள். ஸ்டவ் வெடித்து விபத்து என்று கேஸ் முடிந்தது. ஸ்டவ் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செத்தவளே சொல்லிவிட்ட பிறகு யார் போய்த் தேடுவார்கள்? நானும் தேடவில்லை. என் முதல் வாக்கியத்தை நான் அவ்வளவு நம்பியிருந்தேன்.

கருமாதி முடிந்ததும், வழக்கப்படி அவளுடைய சீர் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டில் அந்த விஷயத்தில் படு கறார். ஒரு கரண்டி குறைந்தது என்று பின்னால் யாரும் பேச்சு எடுத்துவிடக் கூடாது. குடம், அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு. எல்லாவற்றுக்கும் அடியில், வைக்கோல் சுற்றி, நான் வாங்கிக் கொடுத்த பித்தளை ஸ்டவ்.

ஒரு நெளிசல் இல்லை. புளி போட்டு விளக்கி வேறு அனுப்பியிருந்தார்கள்.

அம்மா அதை எடுத்து அடுப்படியில் வைத்தாள். மண்ணெண்ணெய் ஊற்றினாள். பம்பு அடித்தாள். தீக்குச்சியைக் கிழித்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டவ் சீறிக்கொண்டு நீலமாக எரிந்தது. அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தான எரியுது" என்றாள்.

அவன் ஊற்றிக் கொளுத்தினானா, அடி தாங்காமல் அவளே கொளுத்திக்கொண்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஸ்டவ் வெடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். என் தங்கச்சி சாகும்போது பொய் சொன்னாள். கோர்ட்டு அதை நம்பும் என்பது அவளுக்குத் தெரியும். பாயில் படுக்கவைத்து நான்தான் சொல்லியிருந்தேன்.

நாளைக்கே மனுப் போடுகிறேன், ஸ்டவ்வைக் கொண்டுபோய் மாஜிஸ்ட்ரேட் மேசையில் வைக்கிறேன் என்று குதித்தேன். அம்மா ஸ்டவ்வை அணைத்தாள்.

"அவ புள்ளைக்காகச் சொல்லிட்டுப் போயிருக்கா. அவன உள்ள வச்சா அந்தப் புள்ளைய யாரு பாப்பா?"

"நான் வளக்குறேன்."

"நீ மாமன்டா. அப்பனாயிருவியா? கொலகாரன் மகள்னு ஊரு பேசுமே, அத உன் சட்டம் வந்து அழிக்குமா? அவ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

அந்த மழைக்காலம் சென்னைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று தொடங்கி, பேராசிரியரிடம் எல்லாம் சொன்னேன். வாக்குமூலம் பொய் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு என் முதல் வாக்கியம் எப்படி நிற்கும் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"சுவாரஸ்யமான சம்பவம். ஆனால் ஒரு சம்பவத்தால் ஒரு கொள்கை விழுந்துவிடாது. ஓர் அடிக்குறிப்பாகப் போட்டுவிடுங்கள். ஆய்வுக்குக் கனம் சேரும். ஆறே மாதத்தில் சமர்ப்பித்துவிடலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய மேசையைப் புரட்டியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். ரயிலில் அந்த அடிக்குறிப்பை எழுதிக்கூடப் பார்த்தேன். மூன்று வரிக்குள் வந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

தை மாதம் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டே பேசினான். "புள்ளைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி வேணும். வருவீகளா மச்சான்?" அம்மா என்னைப் பார்த்தாள். வருகிறேன் என்றேன். மனு எழுதுகிற எண்ணம் எனக்கு அதுவரை விட்டுப்போயிருக்கவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தேன்.

வேடசந்தூருக்கு அந்தப் பக்கம், வெயில் காய்கிற பொட்டலில் அவர்கள் குலதெய்வக் கோயில். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தையை என் மடியில் வைத்தார்கள். கண்களும் நெற்றியும் அப்படியே தங்கச்சி. ஆசாரி கம்பியை எடுத்ததும் அது என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. யார் என்றே அதற்குத் தெரியவில்லை. காதில் கம்பி இறங்கியதும் வீறிட்டு, உடம்பை வளைத்து, என் நெஞ்சில் எட்டி உதைத்தது. "அப்பா, அப்பா" என்று எதிரே நின்றவனிடம் இரண்டு கையையும் நீட்டியது. தழும்பு விழுந்த கைகளால் அவன் வாங்கிக்கொண்டான். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, செத்த நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டது.

என் மடி காலியாக இருந்தது. தங்கச்சி எதற்காகச் சொன்னாளோ அது என் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அவனை அந்த இடத்திலேயே கொன்றுபோட வேண்டும் போலவும் இருந்தது, குழந்தையை அவன் தோளிலிருந்து பிரிக்க என்னால் ஒருக்காலும் ஆகாது என்றும் இருந்தது. மொய்ப்பணத்தை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

மனு எழுதவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டேன் என்று அந்த வாரமே பேராசிரியருக்கு எழுதிப் போட்டேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் என்று கேட்டுப் பதில் எழுதியிருந்தார். அந்தப் பெண் என் தங்கச்சி, அவள் அடிக்குறிப்பில் அடங்க மாட்டாள் என்று ஒரு கார்டில் எழுதி அனுப்பினேன்.