எலேனி கல்லில் எழுதச் சொன்ன மொழி

அக்காவின் கணவர், என் அத்தான், இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்காகப் போன அக்டோபரில் ரொறன்ரோவிலிருந்து மொன்ட்ரியாலுக்கு ரயில் ஏறினேன். சுமார் 540 கிலோமீட்டர், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். அக்கா இருப்பது மொன்ட்ரியால் தீவை ஒட்டிய லவாலில். ரயில் நிலையத்திலிருந்தே ஆரஞ்சு மெட்ரோ பிடித்தால் கார்ட்டியே வரை மாறாமல் போய்விடலாம். பை நிறைய, கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவுப் புத்தகங்கள். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக அத்தானைப் பற்றி நான் எழுதி அச்சடித்த வெண்பாக்கள். அந்தச் செந்தமிழில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மறுநாள் அக்கா, பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண்மணி எலேனியைக் கல்லறைக் கல் செய்யும் இடத்துக்குக் காரில் கூட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். எலேனியின் கணவர் வசந்தகாலத்தில் இறந்தவர். கல்லில் பழைய உயர்ந்த கிரேக்கத்தில்தான் எழுதவேண்டும் என்று கணவரின் தம்பி ஒற்றைக்காலில் நின்றார். அன்று முடிவு சொல்லியாக வேண்டும்.

“இறந்தவருக்கு உயர்ந்த மொழிதானே மரியாதை, எங்களிடமும் அப்படித்தான்” என்று நான் ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். எலேனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா தமிழில் சீறினார். “வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரடா. இவவின்ர மனுசன் கிரீஸில வாத்தியார். வீட்டில கதைக்கிற பாஷையில படிப்பிச்சாரெண்டு ஆமிக்காரற்ற அரசாங்கம் வேலையால கலைச்சது. அதாலதான் இஞ்ச வந்தவை.”

கிரேக்க நாட்டில் அரசும் நீதிமன்றமும் நெடுங்காலம் யாரும் வீட்டில் பேசாத, பழமை பூசிய மொழியையே பிடித்துக்கொண்டிருந்தன. பேச்சுமொழிக்காக நின்றவர்களுக்குத் துரோகி என்ற பட்டமும் கிடைத்தது. அறுபதுகளின் இறுதியில் வந்த இராணுவ ஆட்சி அந்தப் பிடியை இறுக்கியது. அது விழுந்த பிறகுதான் பேச்சுமொழி அரசமொழியானது. இதெல்லாம் தெரியாமல் வாய் விட்டதை நினைத்துக் கூசிப்போனேன்.

கணவரின் தம்பி கல் செய்யும் இடத்தில் காத்திருந்தார். “எங்கள் அப்பாவின் கல்லிலும் அந்த மொழிதான்” என்றார். எலேனி குரலை உயர்த்தவில்லை.

“அவரை ஊரைவிட்டுத் துரத்திய மொழியை அவர் தலைமாட்டில் வைக்கமாட்டேன்.”

 தம்பி சம்மதமாகத் தலையசைத்தார். அந்தக் காலத்தில் இரவில் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருக்கும் கணவரிடம் வழக்கமாகச் சொன்னதையே எலேனி எழுதச் சொன்னார். எலேனி விளக்கியதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்: “களைச்சுப்போனீங்கள், படுங்கோ.”

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: தீவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் மெட்ரோ டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள், லவாலுக்கு அது செல்லாது. அக்டோபரிலேயே கையுறை வேண்டும். துக்க வீட்டுக்கு வருவதென்றால், வாயைத் திறக்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முப்பத்தோராம் நாளன்று என்னைக் கல்வெட்டை வாசிக்கச் சொன்னார்கள். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அக்காவைப் பேசச் சொன்னேன். அக்கா எழுந்து அத்தானின் படத்தைப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, ஸ்னோ கொட்டப்போகுது. இனி ஆர் என்ர காரை வழிச்சு விடுறது?”