டாக்டர் பாயின் சீட்டை நாங்கள் கட்டிவிட்ட கதை

எழுத்து மேலும் கீழுமாகப் போயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நான் நோட்டில் எழுதுவதைப் பேத்தி போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறாள். டைப் செய்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். என் கையாலேயே வரட்டும்...

குன்னூர் கடைவீதியில் டாக்டர் பாய் கிளினிக்கில் நுழைந்தால் ஸ்பிரிட் வாசனையோடு அச்சு மை வாசனையும் வரும். ஒரு மேஜையில் ஊசி, மாத்திரை. இன்னொரு மேஜையில் நோட்டீஸ் கட்டு.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் கேம்பில் கிடந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலையும், லயம் என்கிற வரிசை வீட்டில் ஓர் அறையும் கிடைத்த முதல் வருஷம் நடந்தது இது.

நோட்டீஸில் என்ன இருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். தாயத்து கட்டாதீர்கள், தகடு புதைக்காதீர்கள், நோய்க்கு மருந்து சாப்பிடுங்கள், இறைவனிடம் நேராகக் கேளுங்கள்... வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று இதையேதான் பேசுவார். அதே வீதியில் தாயத்து எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய ஆட்கள் டாக்டருக்கு சலாம் சொல்வதையே நிறுத்தியிருந்தார்கள்.

ஆடி மழையில் எங்கள் ராணிக்குக் காய்ச்சல். மூன்று வயது. மூச்சு விட்டால் நெஞ்சு கர்கர் என்றது.

டாக்டர் பாய் குழலை வைத்துப் பார்த்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவசரமாக ஒரு சீட்டு எழுதி என் மனைவி கையில் கொடுத்தார்.

"எல்லாம் இதுல எழுதியிருக்கேனுங்க. மூணு நாளுல சரியாயிரும். பத்திரம்."

நாங்கள் பத்திரமாகத்தான் வைத்தோம்.

அங்கே இலங்கைத் தோட்டத்தில் டிஸ்பென்சர் ஐயா மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கையிலேயே கொடுப்பார். சீட்டு என்று ஒன்றை நாங்கள் கண்டதில்லை. தாடியும் தொப்பியுமாக ஒரு முஸ்லிம் பெரியவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், அது கட்டுவதற்கு. டாக்டர் பாய்க்கும் தாடி, தொப்பி.

"பாய் ஓதி எழுதியிருப்பாரு. ஈரம் படக்கூடாதுங்க" என்றாள் மனைவி. சீட்டை மடித்து, மெழுகுத் துணியில் சுற்றி, கறுப்புக் கயிற்றில் ராணியின் கையில் கட்டினாள். எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்றாம் நாள் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது.

தேயிலைக்குள் குறுக்கே விழுந்து ஓடினோம்.

"மருந்து குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"கட்டிட்டோங்கய்யா" என்றேன்.

"என்னத்தக் கட்டுனீங்க?"

மனைவி பிள்ளையின் கையைக் காட்டினாள். அவர் முதலில் ஊசி போட்டார். பிறகு கயிற்றை வெட்டிப் பிரித்தார். அவருடைய எழுத்து.

"ஊரெல்லாம் தாயத்து வேண்டாம்னு கத்துறேன்... நான் எழுதுன சீட்டையே தாயத்தாக்கிட்டீங்களேம்மா!"

என் மனைவி பயப்படுகிற ஆள் இல்லை. "எழுதித் தந்தது நீங்கதானுங்களே? கட்டாதன்னு சொன்னீங்களா?"

அவர் சீட்டை நீவி மேஜையில் வைத்தார். பிறகு என்னைக் கேட்டார். "உங்களுக்குப் படிக்கத் தெரியுமாங்க?"

"தெரியாதுங்கய்யா."

அன்று முழுவதும் ராணி பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தொழுகை நேரத்தில் அங்கேயே ஓரமாகத் துணி விரித்துத் தொழுதார். நாலாம் நாள் பிள்ளை கஞ்சி கேட்டது.

அதோடு முடியவில்லை. தாயத்துதான் மூன்று நாள் உயிரைப் பிடித்து வைத்தது என்று லயத்தில் பேச்சு. பேச்சு கடைவீதிக்கும் போயிற்று. பெரியவரின் ஆட்கள் கிளினிக் வாசலுக்கே வந்து, "ஏனுங்க டாக்டரே, முழங்கால் வலிக்குது, நமக்கும் ஒண்ணு எழுதிக் கட்டுங்க!" என்று சிரித்தார்கள்.

டாக்டருக்கு வேண்டிய ஒருவர் என்னிடம் வந்தார். "வெள்ளிக்கிழமை வந்து எல்லாருக்கும் முன்னால, அது எங்க தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. இல்லீன்னா அவரு பேச்ச இனி எவனும் கேக்க மாட்டான்."

சொல்ல வேண்டியதுதான். ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவ்வளவு பேர் முன்னால் சொல்ல வேண்டுமே... வேட்டியைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு வெளியே நின்றேன்.

டாக்டர் பாய் என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"தாயத்துக் கத கேட்டிருப்பீங்க. அவுங்க பேர்ல தப்பில்லீங்க. படிக்கத் தெரியுமான்னு ஒரு வார்த்த கேக்காம, தொழுகைக்கு நேரமாச்சுன்னு சீட்ட நீட்டுனது நான்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"அந்தக் கொழந்த மௌத்தாயிருந்தா, அல்லாகிட்ட நாந்தானுங்க பதில் சொல்லோணும்."

அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பேசாமலே லயத்துக்குத் திரும்பினேன்.

தாயத்து எழுதுவது அந்த வீதியில் நின்றுபோகவில்லை. டாக்டரும் பேச்சை நிறுத்தவில்லை. கிளினிக்கில்தான் ஒன்று மாறியது. யார் போனாலும் முதல் கேள்வி, "படிக்கத் தெரியுமாங்க?" தெரியாது என்றால் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று நம்மைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். சரியாகச் சொன்னால்தான் அடுத்த ஆள். வரிசை வெளியே மழையில் நிற்கும்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ராணிக்கே முடி நரைத்துவிட்டது. பிரஷருக்கு அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். இப்போது சீட்டு மெஷினிலிருந்து வருகிறது. டாக்டர் என்னைப் பார்க்காமல் அவளிடம் நீட்டுகிறார். மாத்திரைக் கவரில் 'காலை, இரவு' என்று போட்டிருப்பதை நான் பஸ்ஸில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வருகிறேன்.

இப்போது யாரும் எனக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை... தெரியும் என்று சொல்லத்தான் காத்திருக்கிறேன். வருகிற வாரம் கண் டாக்டரிடம் போகிறோம். எழுத்துப் பலகையைக் காட்டுவதற்கு முன்னால் அவராவது கேட்பார். என்ன நடந்தது என்று வந்து எழுதுகிறேன்.