முச்சந்தியில் கொட்டிய சக்கை

ருன்மெய்யின் கையைப் போல ஒரு கை எங்கள் மருந்துக்கடையில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை. ஐந்து நாள் கஷாயம் என்றால் மேசைமேல் ஐந்து காகிதம் விரிப்பாள். ஒவ்வொரு சரக்கையும் ஒரே தடவை நிறுத்து, கண் மதிப்பிலேயே ஐந்தாகப் பிரித்துப் போடுவாள். திரும்ப நிறுத்தால் ஒரு வில்லைகூட முன்பின் இருக்காது. பதினோரு வருஷமாக அப்படித்தான். எனக்கு அவள்மேல் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

எனக்கு இரண்டு வேலை. பின்கட்டில் வேர் அரிவது ஒன்று. அவள் பிரித்துப் போட்டதைப் பார்த்து, சரி என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவது ஆள் பார்க்காமல் பொட்டலம் மடிக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அவள் கையில் தப்பு வராது என்பதால் நான் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அன்று கடை திறந்ததும் தோணிக்காரர் லுவோவின் மனைவி வந்தாள். லுவோவுக்கு இரண்டு காலும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. வைத்தியர் எழுதியது வூ லிங் சான். உடம்பில் தேங்கிய நீரை இறக்கும் ஐந்து சரக்கு: இரண்டு வகைக் காளான், ஒரு வேர், கருவாப்பட்டை மரத்துக் குச்சி, ஸெஷியே என்ற நீர்க்கிழங்கு. ஊரில் தெரியாதவர் இல்லை.

"தாங் அண்ணே, ஒரு பார்வை பாத்துடுங்க," என்று ருன்மெய் கூப்பிட்டாள்.

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "பாத்தாச்சு, பாத்தாச்சு. கட்டு."

பத்து மணிக்கு ஒரு விவசாயி நொண்டிக்கொண்டு வந்தார். மூட்டில் தேய்க்கச் சாராயத்தில் ஊறப்போட, பச்சை நாவிக்கிழங்கு கேட்டு முதல்நாள் மாலை சீட்டுக் கொடுத்தவர். தொட்டாலே கை கழுவ வேண்டிய விஷம் அது. பூட்டிய பெட்டியில்தான் இருக்கும்.

"சாராயம் வாங்கப் போனேம்மா. வாங்கினதும் வலி போயிடுச்சு. காலைல திரும்பி வந்திருக்கு. என் கிழங்கக் குடு," என்றார்.

ருன்மெய் சிரித்துக்கொண்டே, கிழங்கை நிறுத்து வைத்திருந்த மேசை ஓரத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முதல்நாள் அதை நிறுத்து வைத்த நேரத்தில் கடைக்குச் சரக்கு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. எண்ணி வாங்கிவிட்டு வந்தவள், காகிதத்தில் கிடந்த வெள்ளை வில்லைகளை ஸெஷியேயின் மிச்சம் என்று நினைத்து, அதன் இழுப்பறையிலேயே கொட்டிவிட்டாள். தோல் சீவி அரிந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அரிந்தவன் நான், எனக்குத் தெரியும்.

அந்த இழுப்பறையிலிருந்து அதன் பிறகு எடுத்தது ஒரே ஒரு சீட்டுக்கு.

"அண்ணே, லுவோ," என்றாள்.

சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். லுவோவின் சந்துமுனையில், முச்சந்தியில், ஈரச் சக்கை ஆவி பறக்கக் கிடந்தது. கஷாயம் குடித்ததும் சக்கையை வழியில் கொட்டுவோம். மிதிக்கிறவர் காலோடு நோய் போகட்டும் என்று. அப்படியானால் குடித்தாகிவிட்டது.

எதிர்க்கடையில் டோஃபு விற்கும் வென் அக்கா சொன்னாள்: "இப்பத்தான் டிராக்டர்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வாந்தியா எடுத்தாரு. வாய் மரத்துப்போச்சு, கை மரத்துப்போச்சுன்னு கத்தினாரு. நெஞ்சு தாறுமாறா அடிக்குதாம்."

ருன்மெய் தெருவில் மண்டியிட்டுச் சக்கையைக் கிளறினாள். வெந்த பிறகு எல்லாமே ஒரே பழுப்பு. எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வில்லையாக எடுத்து நாக்கில் வைத்துக் கடித்தாள். துப்பினாள். அடுத்ததை எடுத்தாள். ஆறாவதிலோ ஏழாவதிலோ அவள் முகம் மாறியது.

"மரக்குது," என்றாள்.

நான் குனிந்து அவள் காதருகே பேசினேன். சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன்: "பேசாம எந்திரி. இதக் கூட்டி வாய்க்கால்ல தள்ளிட்டா யாருக்கும் தெரியாது. வீங்கின மனுஷன், நோயில போனான்னு நினைச்சுக்குவாங்க. உள்ள போட்டுடுவாங்க, ருன்மெய். உனக்குப் பொண்ணு இருக்கு."

அவள் பெண்ணுக்காகப் பேசுகிறேன் என்றுதான் அப்போது எனக்கே தோன்றியது.

அவள் கடை அங்கியைக் கழற்றி, மண்ணோடு சேர்த்துச் சக்கை முழுவதையும் அதில் அள்ளிக் கட்டினாள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் லுவோவைச் சுற்றி நாலு பேர். என்ன நோய் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ருன்மெய் மூட்டையை டாக்டர் முன்னால் அவிழ்த்தாள். பேச வாயெடுத்தால் நாக்கு புரளவில்லை. எச்சில் வழிந்தது. "நா... நாவி" என்று இரண்டு மூன்று முறை முயன்ற பிறகே அவருக்குப் புரிந்தது. உடனே மருந்தை மாற்றினார்கள். ஊசி போட்டார்கள். மாலை வரை லுவோவின் நாடி நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. பிறகு சீராயிற்று. மனிதர் பிழைத்துவிட்டார்.

நாடி சீராவதற்கு முன்பே டாக்டர் கேட்டுவிட்டார். "மடிக்கிறதுக்கு முன்னாடி யாரு சரிபார்த்தது?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு நாக்கு நன்றாகவே இருந்தது.

"யாரும்... இல்ல," என்று ருன்மெய் குழறினாள். "காட்டாமலே... நானே மடிச்சேன்."

அவளை மேசையிலிருந்து எடுத்து, பின்கட்டில் வேர் கழுவவும் சல்லடை போடவும் வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை பத்தொன்பது வருஷம் அங்கேதான் இருந்தாள். மேசைக்கு என்னை வைத்தார்கள். ஒரு நாளும் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. டாக்டர் கேட்டபோது ஒரு தடவையாவது அவள் என் பக்கம் திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு பயம்.