செவ்வாய்க்கிழமை மட்டும் ஆரோக்கியம்

எங்கள் பரோவில் யாருக்கு என்ன நடந்தாலும் கடைசியில் அது என் எக்செல் ஷீட்டில்தான் வந்து விழும். நாய் கடித்ததா, ஹோட்டல் கிச்சனில் எலி ஓடியதா, குளத்தோரம் கொசு பெருத்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம், நான்கைந்து சிக்னல் தாண்டினால் முடிந்துபோகிற சின்ன ஊர் இது; இந்த மாதிரி ஊரை இங்கே பரோ என்பார்கள். அதன் சுகாதார அலுவலகத்தில் எனக்குப் புள்ளிவிவரம் பார்க்கிற வேலை. கோபிச்செட்டிபாளையத்தில் அப்பாவிடம் யாராவது "புள்ள அமெரிக்காவுல என்ன பண்றா?" என்று கேட்டால், "கவர்மென்ட்டுல கணக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார். கொசுக் கணக்கு என்று சொல்ல அவருக்கு மனசு வராது.

எங்கள் நர்ஸ் ஒரு வெள்ளைக்காரம்மா. ரிட்டயர் ஆகும் வயது தாண்டியும் நாற்காலியை விடமாட்டேன் என்று இருப்பவர். செவ்வாய்க்கிழமை காலையில் லைப்ரரியின் கீழ் அறையில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக பிரஷர் பார்ப்பார். முன்பெல்லாம் அங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் ஓசிக் காபிக்காக வருகிறவர்கள்தான். ஒரு தாத்தா கையை நீட்டுவதற்கு முன்னால் பிஸ்கட்டை நீட்டச் சொல்வார்.

பிறகு நம் ஆட்கள் அந்த மேசையைக் கண்டுபிடித்தார்கள்.

நம் ஆட்கள் என்றால், மகனையோ மகளையோ பார்க்க ஆறு மாத விசாவில் வந்து, பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அப்பா அம்மாக்கள். கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது லைப்ரரியும் ஒரு பார்க்கும்தான். கோயிலில் பொங்கல் வாங்குகிற வரிசையில் யாரோ ஒரு ஆன்ட்டி, "லைப்ரரில ஃப்ரீயா பிரஷர் பாக்கறாங்களாம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் நர்ஸ் கூடுதல் நாற்காலி கேட்டு எனக்கு போன் பண்ணினார்.

அந்தக் கூட்டத்தில் என் அப்பாவும் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டபின் என் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஆஃப்டர்கேரில் செப்டம்பருக்குத்தான் இடம் என்றார்கள். அம்மா போனபிறகு தனியாக இருந்த அப்பாவை வரச்சொன்னேன். ஆறு மாதம் முடிந்ததும், "இன்னும் கொஞ்ச நாள் இருங்கப்பா" என்று எக்ஸ்டென்ஷனும் அப்ளை பண்ணினோம். அவர் ஒரு வார்த்தை மறுப்பு சொல்லவில்லை.

இப்போது நர்ஸின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். அளவு நன்றாக இருந்தால் "பியூட்டிஃபுல்!" என்பார். சுமாராக இருந்தால் "குட்." அதிகமாக இருந்தால் "ம்ம்ம்" என்று இழுப்பார். அந்த அம்மாவுக்கு இது சும்மா வாயில் வருகிற பேச்சு. நம் ஆட்களிடம் போய் இப்படி மூன்று கிரேடு வைத்தால் என்ன ஆகும்? பரீட்சை ஆகிவிட்டது.

"உங்களுக்கு என்ன சொன்னா?"

"குட்டுன்னா. போன வாரம் பியூட்டிஃபுல். நேத்து மருமக மோர்மிளகாய் வறுத்தா, அதான் கெடுத்துடுச்சு."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஊறுகாய் கட். திங்கட்கிழமை அப்பளம் பொரித்தால் வீட்டில் சண்டை. செவ்வாய் விடிந்ததும் பிராணாயாமம். சைதாப்பேட்டை ஆன்ட்டி ஒருவர் முருங்கைக்கீரை சூப் குடித்துவிட்டு, லைப்ரரி வாசலில் கண்ணை மூடி ஜபம் பண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவார். வெளியே வருகிறவரை வழிமறித்து "இன்னிக்கு மெஷின் எப்படி, ஸ்ட்ரிக்ட்டா?" என்று விசாரிக்கிறவர்களும் உண்டு. பிள்ளைகளை எல்லாம் மார்க்குக்காக விரட்டி விரட்டியே இந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்த ஜாதி இது. தானே பரீட்சை எழுதும்போது சும்மா விடுமா?

அப்பாதான் ஃபர்ஸ்ட் ரேங்க். வாராவாரம் பியூட்டிஃபுல். சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் சொல்லிவிடுவார். என் மகள் தன் பங்குக்கு, "தாத்தா காட் பியூட்டிஃபுல் அகெய்ன்!" என்று குதிப்பாள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். நானும் அந்த எண்களை எடுத்து அழகழகாகக் கோடு போட்டு, 'நம் பரோவின் முதியோர் ரத்த அழுத்தம்' என்று ஸ்லைடு பண்ணினேன். கோடு சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியது.

சறுக்கியது நாங்கள்தான். வசந்தகாலக் கூட்டத்தில் சுகாதார போர்டு அந்த ஸ்லைடைப் பார்த்துக் கை தட்டியது. தலைவர் ஒரு ரியல் எஸ்டேட் ஏஜென்ட், நல்ல மனுஷன். கை தட்டி முடித்துவிட்டு, முதியோர் இவ்வளவு நன்றாக இருக்கும்போது இந்த மேசை எதற்கு, நர்ஸின் அந்த நேரத்தை உண்ணிக்கடி விழிப்புணர்வுக்குக் கொடுக்கலாமே என்றார். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் என் ஸ்லைடைப் பார்த்தேன். அடிப்பாவி, எவ்வளவு கலர் அடித்தேன் அதற்கு!

இந்த மேசை போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊரிலிருந்தே கொண்டுவந்த வியாதி எதையும் அது தொடாது. பிரஷரும் சுகரும் இல்லாமல் ஃபிளைட் ஏறுகிற பெற்றோர் எத்தனை பேர்? அவர்களுக்கு இந்தக் கண்டத்தில் கையைப் பிடித்துப் பார்க்க இருந்தது அந்த ஒரு மேசைதான். என் அப்பாவுக்கும் அதுதான்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பார்க்குக்குப் போனேன். காலை வாக்கிங் முடித்து எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தச் செவ்வாய் ரொம்ப முக்கியம். நீங்க எப்பவும் வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே சாப்பிட்டுட்டு, அப்படியே வாங்க. நெஜமான நம்பர் வேணும். இல்லன்னா மேசையை எடுத்துடுவாங்க."

எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். அந்தச் செவ்வாய், மேசை போட்ட நாளிலிருந்து இல்லாத அளவுக்கு அருமையான எண்கள். நர்ஸ் பியூட்டிஃபுல் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். நான் சொன்னதில் 'ரொம்ப முக்கியம்' மட்டும்தான் அவர்கள் காதில் ஏறியிருக்கிறது. சைதாப்பேட்டை ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலையே படாதம்மா. ரெண்டு நாளா உப்பையே தொடல. உன் ஆபீஸுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுத்துட்டோம்ல!" என்றார். என்னத்தைச் சொல்ல? தேங்க்ஸ் சொன்னேன்.

நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நேரே பீரோவைத் திறந்து பிரஷர் மெஷினைப் பையில் போட்டார். வெள்ளிக்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல், இரண்டு பேரும் பார்க்கில் போய் நின்றோம்.

பெஞ்சில் முறுக்கு டப்பா கைமாறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் டப்பா படக்கென்று மூடிக்கொண்டது.

"என்னம்மா இது, இன்னிக்கு வெள்ளிக்கிழமை!" என்றார் ஆன்ட்டி.

"தெரியும் ஆன்ட்டி. கையைக் குடுங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ப்ரிப்பேர் பண்ணியிருப்பேன்ல? இது அநியாயம்!"

நடந்து வந்ததும் பார்க்கக்கூடாது, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார் நர்ஸ். உட்கார வைத்துவிட்டேன். பேசாமல் வைக்கத்தான் என் உயிர் போயிற்று. ஒருவழியாக ஒவ்வொரு கையாகப் பட்டையைச் சுற்றினார். "ம்ம்ம்." அடுத்தவர், "ம்ம்ம்." ஆன்ட்டிக்கு அவர் இழுத்த ம்ம்ம் பெஞ்சின் அந்தக் கோடி வரை கேட்டது. ஆன்ட்டி முறுக்கு டப்பாவை முறைத்தார்.

அப்பா மட்டும் எழுந்து, மேப்பிள் மரத்துக்குப் பின்னால் நைசாக நழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எங்க போறீங்க?"

"வூட்டுல அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன் கண்ணு."

"நம்ம வீட்டுல பாலை மைக்ரோவேவ்லதான வெப்போம். வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார். நர்ஸ் பார்த்தார். ம்ம்ம் சொல்லவில்லை. பட்டையைக் கழற்றி மறு கையில் சுற்றி, இன்னொரு தடவை பார்த்தார். மேல் எண் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி நின்றது. நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா, கண் மங்குகிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் தமிழில் கேட்க, அப்பா எல்லாவற்றுக்கும் "நோ, நோ" என்று அவருக்கே நேராகப் பதில் சொன்னார். இன்றைக்கே டாக்டரிடம் போ, நாளைக்கு என்று தள்ளாதே என்றார் நர்ஸ் என்னிடம். இவ்வளவு நாள் என் ஷீட்டில் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிய மனுஷன் இவர்.

காரில் ஏறியதும் வெடித்தேன்.

"மாத்திரை சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்படறனே."

"தெனமுமா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அப்பா!"

"ஆறு மாசத்துக்குத்தான கண்ணு எடுத்துட்டு வந்தேன். நீ இன்னுங் கொஞ்ச நாள் இருங்கன்னே. பத்தோணுமில்ல? அதான் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மட்டும் போட்டுக்கறது. செவ்வாக்கெழமை அந்தம்மா பாக்குதில்ல."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ பயந்துக்கிட்டு அடுத்த ஃபிளைட்லயே என்னைய ஊருக்கு அனுப்சுருவே. செப்டம்பர் வரைக்கும் பாப்பாவை ஆரு பாக்கறது? நீ வேலையை உட்டுப்போட்டு உக்காருவியா?"

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இருங்கப்பா என்று நான் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு, மனுஷன் உயிரை அல்லவா பங்குபோட்டு வைத்திருக்கிறார்! பத்து நிமிஷம் திட்டினேன். அவர் ஒவ்வொரு திட்டுக்கும் "செரி கண்ணு, செரி கண்ணு" என்றார். டாக்டர் கிளினிக் வாசலில் இறங்கும்போது, "பாப்பா ஸ்கூல் உடற நேரத்துக்குள்ள வந்தர்லாமில்ல?" என்று கேட்டார்.

மாத்திரை புதிதாக எழுதி வாங்கினோம். அன்று முதல் எங்கள் வீட்டில் புது சுகாதார ஆய்வாளர் என் மகள். காலையில் சீரியல் கிண்ணத்தை விட்டுவிட்டு, "தாத்தா, ஓப்பன் யுவர் மவுத்" என்று நாக்குக்கு அடியில் எல்லாம் பார்ப்பாள். அவளுக்கு மட்டும் அப்பா பயந்தார்.

அடுத்த போர்டு கூட்டத்தில் புது ஸ்லைடு போட்டேன். கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியிருந்தது. தலைவர் பதறிப்போய், நம் முதியோருக்கு இந்த வசந்தத்தில் என்னதான் ஆயிற்று என்றார்.

"ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் வெள்ளிக்கிழமை போனோம்" என்றேன்.

விளக்கிச் சொன்னதும் அறையே சிரித்தது. தலைவர் சிரித்து முடித்துவிட்டு, தன் அம்மாவும் பல் டாக்டரிடம் போகிற அன்று மட்டும் ஐந்து தடவை பல் தேய்ப்பார் என்றார். மேசை பிழைத்தது. இப்போது எந்தக் கிழமை, எந்த இடம் என்று எனக்கும் நர்ஸுக்கும் மட்டும்தான் தெரியும். ஆன்ட்டி என்னிடம் துப்பு வாங்க எத்தனையோ தடவை முறுக்கு கொடுத்துப் பார்த்துவிட்டார்.

செப்டம்பரில் ஆஃப்டர்கேர் கிடைத்தது. அப்பா ஊருக்குக் கிளம்பினார். கடைசியாகப் பார்த்தபோது நர்ஸ் "குட்" என்றார். அப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மேசை முன்னால் நின்றுகொண்டு, ஒருவேளை இன்னொரு கையில் பார்த்தால் பியூட்டிஃபுல் வருமோ என்று கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

வருட அறிக்கை எழுதியபோது, எங்கள் பரோவில் முதியோரின் ரத்த அழுத்தம் இந்த ஆண்டு கூடியிருக்கிறது என்று நானே டைப் பண்ணினேன். அன்றைக்கு அப்பாவுக்கு போன் போட்டு அதைச் சொன்னேன்.

"அட சாமி! என்னாலயா கண்ணு?"

"உங்களாலயுந்தான்."

"மேசையை எடுக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கப்பா. இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

"இன்னைக்கு என்ன கெழமை?" என்றார்.

கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனைக் கீழே வைக்காதீங்க என்று கத்தினேன். அட்டையைக் கிழித்து மாத்திரையைப் பிதுக்கும் சத்தமும், பின்னாலேயே தண்ணீர் குடிக்கும் சத்தமும் கேட்கும்வரை லைனிலேயே இருந்தேன்.