இடிச்சாத் தாங்கும், ஓட்டுனா நிக்கும்

வண்டி செய்கிற தப்புக்கெல்லாம் மனுஷ வாயால் பதில் சொல்கிற வேலைக்கு, எங்கள் தொழிலில் சர்வீஸ் அட்வைசர் என்று பெயர்.

புதுக்கோட்டை பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் நான் அந்த வேலை பார்க்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். இரும்புப் பெட்டி மாதிரி கார் செய்கிறவர்கள் என்று பெயரெடுத்த கம்பெனி. ஷோரூமுக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு படம் இருக்கும். மோதி மூக்கு நசுங்கிய கார். உள்ளே ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பொம்மை மனிதர்கள். மேலே பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் என்னிடம் வருகிறார்கள். அந்தப் பொம்மைகளுக்கு என்ன கவலை? மறுநாள் காலையில் அதே வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதில்லை.

கவுண்டருக்குப் பின்னால் நின்று, தான் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். கவுண்டருக்கு முன்னால் நின்று திட்டியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

கீரமங்கலத்து மல்லிகை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீரமங்கலத்திலிருந்து ஒரு பூ வியாபாரி வந்தார். என்னைப் பார்த்ததும், "சார் யாரும் இல்லையாம்மா?" என்று எட்டிப் பார்த்தார். "இங்க நான்தாங்க சார். சொல்லுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னை வண்டியிடம் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கியிருக்கிறது, ஏற மறுக்கிறது. கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோன மல்லிகை மூட்டைகள் பின் சீட்டில் இருக்க, திருச்சி ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. தோளில் கிடந்த துண்டை ஜன்னலில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். பூ தப்பித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த இவர்தான் தொப்பலாக நனைந்துவிட்டார்.

கண்ணாடியை ஏற்றும் மோட்டார் போயிருந்தது. அந்த மாடலில் அது அடிக்கடி போகும். "ரெண்டு நாள்ல மாத்திக் குடுத்துர்றேங்க" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. சுவரில் இருந்த ஐந்து நட்சத்திரத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"குண்டு போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு வித்தீங்க. தூறல் போட்டதுக்கே நனைஞ்சு போனேனேம்மா!"

பின் சீட்டில் யார்?

இன்னொருவர் அன்னவாசல் பக்கம். சிங்கப்பூரில் இருக்கும் மகன், அப்பா பத்திரமாகப் போய்வர வேண்டும் என்பதற்காகவே தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்த கார். "போற வழியெல்லாம் வண்டி கத்துதும்மா, காது போச்சு" என்றார். எங்கள் ஃபோர்மேன் செபாஸ்டின் அண்ணன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் மட்டும்தான் அது கத்தும். "பின்னாடி யாருங்க உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டேன்.

"கிடாய்" என்றார்.

குலதெய்வம் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய். வளர்ந்த ஆள் எடைக்கு இருந்திருக்கிறது. அது கத்த, வண்டி கத்த, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டம்மா இரண்டையும் பார்த்துக் கத்த, ஒரு வழியாகக் கோயில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எடை இருந்தா வண்டி ஆளுன்னு நெனச்சுக்கும்ங்க. பாதுகாப்புக்காக வச்சது. பெல்ட்டை மாட்டி விட்டுட்டா கத்தாது" என்று சொன்னேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"வெட்டுறதுக்குக் கொண்டு போற கிடாய்க்கு என்னத்துக்கும்மா பாதுகாப்பு?"

சகாயமேரி டீச்சர்

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற கதை. இனி சொல்வதில் சிரிப்புக் கொஞ்சம் குறைவு.

சகாயமேரி டீச்சருக்கு அறந்தாங்கியில் வீடு, மீமிசல் பக்கம் பள்ளிக்கூடம். கணவர் குவைத்தில். பள்ளிக்கூடம் போகும் மகளையும் வீட்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, தினமும் தானே கார் ஓட்டிப் போய் வருகிறவர். அவருடைய வண்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியாது, சத்தம் வராது, ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் தெரியாதது போலக் கிளம்பும். முதல் தடவை வந்தபோது சாஃப்ட்வேர் மாற்றினோம். அடுத்த தடவை பேட்டரி. அதற்கடுத்த தடவை, பெட்ரோல் போடுகிற பங்க்கை மாற்றிப் பாருங்கள் என்றோம். ஒவ்வொரு தடவையும் டீச்சர் விடைத்தாள் கட்டோடு வந்து, திருத்திக்கொண்டே காத்திருந்து, வண்டியை எடுத்துப் போனார். குரலை உயர்த்தியதே இல்லை.

அடுத்த முறை வந்தபோது விடைத்தாள் எதுவும் கொண்டுவரவில்லை. ஆவுடையார்கோவில் தாண்டி வளைவில் வண்டி அணைந்து, பின்னால் வந்த பஸ் இடிக்காமல் போனதே பெரிய விஷயம் என்றார். மகளும் வண்டியில் இருந்திருக்கிறாள். நான் வழக்கம் போல, "நம்ம வண்டி ரொம்பப் பாதுகாப்பானது டீச்சர்" என்று ஆரம்பித்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார்.

"இடிச்சாக் காப்பாத்தும்ங்குறீங்க, சரி. நடுரோட்டுல நிறுத்தி இடிக்க வைக்கிறதும் அதுதானே வளர்மதி?"

எலி

அந்த வாரம் சென்னையிலிருந்து மண்டல மேலாளர் வந்தார். எங்களை உட்கார வைத்து, கம்பெனியின் பாதுகாப்புப் பாரம்பரியத்தைத் திரையில் ஓட்டிக் காட்டினார். உலகத்தில் எங்கெங்கோ உருண்ட கார்கள், அதிலிருந்து எழுந்து நடந்த குடும்பங்கள். பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. அது முடிந்ததும், புகார் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்தார். ரோடு சரியில்லை என்று சொல்லலாம். பெட்ரோல் சரியில்லை என்று சொல்லலாம். எதுவும் எடுபடாவிட்டால், எலி ஒயரைக் கடித்துவிட்டது என்று சொல்லலாம். வாரண்டியில் எலி வராது; செலவு வாடிக்கையாளர் தலையில்.

நான் எழுந்து, "எலி கடிக்காத வண்டிக்கு எலி கடிச்சதுன்னு சொல்ல என்னால முடியாதுங்க சார்" என்றேன். "வாடிக்கையாளருக்கு முன்னால கம்பெனிய விட்டுக் குடுக்கக் கூடாதும்மா" என்றார் மேலாளர். "ஓடுறப்பவே அணைஞ்சு போற வண்டியில அவங்க பிள்ளையோட போறாங்க. அவங்கள விட்டுக் குடுக்கலாமா சார்?" என்று கேட்டேன். டீ வந்தது. என் பக்கத்தில் இருந்த கேஷியர் பிரேமா, டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"ஏன்க்கா, கடிக்கிற எலி எல்லாம் வாரண்டி வண்டியா பாத்துத்தான் ஏறுமா?"

நான்தான் சார்

மறுநாள் காலையில் மேலாளரையே, பட்டறையில் நின்ற டீச்சர் வண்டியில் ஏற்றினேன். செபாஸ்டின் அண்ணன் ஓட்ட, நான் பின்னால். அரிமளம் வரை போய்த் திரும்பினோம். பாழாய்ப் போன வண்டி, கல்யாணப் பெண் மாதிரி அடக்கமாக வந்தது. ஒரு தும்மல் இல்லை. மேலாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "குறை ஒன்றும் இல்லைன்னு சொல்லி வண்டிய ஒப்படைச்சுருங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுத் திருச்சிக்குக் கிளம்பிவிட்டார்.

நான் ஒப்படைக்கவில்லை. டீச்சரிடம், "ஒங்க வண்டியில குறை இருக்கு. எங்களுக்கு இன்னும் கண்டுபிடிக்கத் தெரியல. தெரியுற வரைக்கும் இத எடுக்காதீங்க" என்று சொல்லி, ஷோரூமில் ஓட்டிக் காட்ட வைத்திருந்த காரின் சாவியைக் கொடுத்தேன். அதே மாடல், அதே கலர். சாயங்காலமே மேலாளர் போனில் பிடித்தார். "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? இது யார் எடுத்த முடிவு?" என்றார். "நான்தான் சார். விளக்கம் எழுதி அனுப்புறேன்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மாதச் சம்பளம் ஞாபகம் வந்தது. வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் நான் ஒருத்திதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பிரேமா வந்து பக்கத்தில் நின்றாள்.

"எதுக்கும் சாப்புட்டுட்டு அனுப்புங்கக்கா. அனுப்புனதுக்கு அப்புறம் ஒங்களுக்குச் சோறு எறங்காது."

மரத்தடியில்

இரண்டு வாரம் போயிருக்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் டீச்சர் போன் செய்தார். "வளர்மதி, ஒங்க வண்டிய ஒடச்சுப்புட்டேன்" என்றார். நாங்கள் இழுவை வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது, மீமிசல் ரோட்டோரச் சீமைக்கருவேலங் காட்டுக்குள் கார் கிடந்தது. குறுக்குப் பாதையிலிருந்து பார்க்காமல் ஏறிய ஒரு ஜல்லி லாரி, இடது முன்பக்கத்தை அப்படியே அமுக்கித் தள்ளியிருக்கிறது. முன்பகுதி என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஆனால் ஆள் உட்காரும் இடம் அப்படியே இருந்தது. ஏர்பேக் பலூன்கள் எல்லாம் விரிந்து தொங்கின. ஓட்டுநர் பக்கக் கதவைச் செபாஸ்டின் அண்ணன் ஒற்றைக் கையால் திறந்து மூடிக் காட்டினார்.

டீச்சர் எதிரில் ஒரு வேப்ப மரத்தடியில், யாரோ கொடுத்த சோடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதட்டில் சின்னக் காயம், மணிக்கட்டில் வீக்கம். அவ்வளவுதான். மகள் அன்றைக்கு வண்டியில் இல்லை. நான் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் காரை இத்தனை கெட்டியாகச் செய்தவர்கள் யாராயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். டீச்சர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். குரல் வகுப்பெடுக்கிற மாதிரி தெளிவாக இருந்தது.

"எம்பிள்ளைக்கு அம்மா இருக்கா, அதுக்கு ஒங்க கம்பெனிக்கு நன்றி. ஆனா என் வண்டிய நீங்க இன்னும் சரி பண்ணல."

படம் எடுக்க வந்தவர்கள்

உடைந்த காரின் போட்டோ சென்னைக்குப் போனதும் காற்று மாறியது. கேட்காமல் கொடுத்ததற்காக என்னை வறுத்தெடுத்த மேலாளர், கேமராக்காரர்களோடு வந்து இறங்கினார். டீச்சரை அந்தக் காருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து விளம்பரப் படம் எடுக்க வேண்டுமாம். டீச்சர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். மேலாளர் பூங்கொத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு, பட்டறை மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த தன்னுடைய காரைக் காட்டினார்.

"எடுத்துக்குங்க சார். ஆனா ரெண்டு வண்டியையும் சேத்து எடுங்க. ஒண்ணு என்னயக் காப்பாத்துச்சு, ஒண்ணு கொல்லப் பாத்துச்சு. ரெண்டுக்கும் அப்பன் ஒருத்தன்தானே?"

பின்பக்கம்

படம் எடுக்கவில்லை. அடுத்த வாரம் டீச்சர் வண்டியைச் சோதிக்கக் கம்பெனியின் தொழில்நுட்ப இன்ஜினியர் ஒருவர் வந்தார். "காலையில ஓட்டாதீங்க சார், டீச்சர் வீடு திரும்புற வெயில்ல ஓட்டுங்க" என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். மீமிசல் வரை போய்த் திரும்பும் வழியில், ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, வண்டி அணைந்தது. திடீரென்று ஓர் அமைதி. பின்னால் ஒரு மீன் வண்டியின் ஹாரன் நெருங்கி வந்து, ஒதுங்கிப் போனது. இன்ஜினியர் ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கி வந்து பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒயரின் இணைப்பு சூடேறினால் விட்டுப்போகிறது என்று அன்றைக்கே கண்டுபிடித்தார். டீச்சர் வண்டியில் மாற்றினோம். அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. அந்த மாடல் வைத்திருந்த மற்றவர்களையும் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தார்கள். குறை என்று சொல்லவில்லை. தர மேம்பாடு என்று சொன்னார்கள். எந்தப் பெயரில் மாற்றினால் என்ன, மாற்றினார்களே.

என்னையும் மாற்றினார்கள். முன் கவுண்டரிலிருந்து, அடிபட்ட வண்டிகள் வரும் பின்பக்கப் பட்டறைக்கு. முதல் நாளே ஒரு நாற்காலியை இழுத்து வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வேலையை விடுவேன் என்று எதிர்பார்த்தார்களாம். எதற்கு விட வேண்டும்? நசுங்கிய கார்களும், அதிலிருந்து முழுசாக இறங்கி வந்த மனிதர்களும் தினமும் என் கண் முன்னால். கார் நல்ல கார் என்று அவர்களிடம் சொல்கிறேன். எங்கே குறையோ அதையும் அதே வாயால் சொல்கிறேன். போன வாரம் திருமயத்திலிருந்து ஒருவர், ஒரு கீறல்கூட விழாத புதுக் காரை நேராகப் பின்பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தார். கியர் சிக்குகிறதாம். "இது அடிபட்ட வண்டிங்க வர்ற எடம்ங்க, நீங்க முன்னாடி போகணும்" என்றேன். அவர் இறங்கிச் சாவியை என் மேஜையில் வைத்தார்.

"முன்னாடியும் போய்ட்டுத்தாம்மா வாரேன். எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காக. உள்ளதச் சொல்ற ஆளு வேணும்னேன், இங்கிட்டுப் போகச் சொல்லிட்டாக."

எங்கள் காரில் உட்காருகிற அத்தனை பேருக்கும் பெல்ட் உண்டு, பலூன் உண்டு. அதன் குறையை வெளியே சொல்கிறவருக்கு மட்டும் இன்னும் எந்தக் கம்பெனியும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.