பச்சை பூசிய நிலம்

அரசாங்கக் காணிக் கந்தோரில் நிலப்படம் கீறுகிறவனாக இருந்த காலத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே. மற்றவர்கள் அடிமட்டத்தை வைத்து நிலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டுவார்கள். நான் நிலத்தை நடந்து பார்க்காமல் பென்சிலைத் தொட மாட்டேன். அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, வெயிலில் வெந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இறக்கக்கண்டிக்கு மேற்கே ஒரு பற்றைக்காட்டை முப்பது குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. புல்மோட்டைப் பக்கத்திலிருந்து சண்டைக்கு அஞ்சி ஓடிவந்து பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்த சனங்கள். காட்டின் நடுவே ஓர் ஓடை. மாரியில் கரை புரளும், கோடையில் இரண்டு மடு மட்டும் மிஞ்சும். ஆளுக்கு அரை ஏக்கர் என்று வெட்டினால் ஓடை பத்துப் பேரின் வேலிக்குள் துண்டு துண்டாகப் போய்விடும். அதனால் மேட்டில் வீடுகளை நெருக்கி வைத்தேன். ஆளுக்கு நாற்பது பேர்ச், அதாவது கால் ஏக்கர். ஓடையையும் இரு கரையையும் எல்லோருக்கும் பொதுவாக விட்டு, படத்தில் அந்த இடத்துக்குப் பச்சை பூசினேன்.

"ஓடைக்கும் ஒரு காணிப் பெர்மிற் எழுதப்போறீரோ?" என்று மேலதிகாரி பகிடி பண்ணினார். ஆனாலும் கையெழுத்து வைத்தார்.

பள்ளிக்கூட விறாந்தையில் படத்தை விரித்ததும் சனங்கள் கொதித்துவிட்டார்கள். "அரை ஏக்கர் எண்டுதானே சொன்னவை? மிச்சத்தை ஆருக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று ஒருவர் கத்தினார். எனக்கும் மூக்கு நுனியில் கோபம். படத்தைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

அப்போதுதான் ஒரு பெண் எழுந்து நின்றார். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். இரண்டு பெண்பிள்ளைகள், நாலு ஆடுகள். மூன்று தரம் வீடு வாசலை விட்டுக் குடியெழும்பி ஓடியவர். "தண்ணியைப் பங்கு போட ஏலாது," என்றார். "வேலி அடைச்சா ஆடு மாடு எங்க போய்க் குடிக்கும்? ஐயா சொல்லுறது சரி." அவர் பேச்சுக்கு மதிப்பிருந்தது. ஒவ்வொருவராக அடங்கினார்கள். அவர் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என் படம் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். போயிருக்கலாம் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

காணித்துண்டுகளுக்குத் திருவுளச்சீட்டுப் போட்டோம். குடத்துக்குள் கை விட்டு எடுத்தது எதுவோ அதுதான். கடவுள் கொடுத்ததை மாற்றுவதில்லை என்பது வழக்கம். அந்தப் பெண்ணுக்கு வந்தது ரோட்டோரத் துண்டு. முகம் வாடிப்போனார். "ஓடைப்பக்கம் ஒண்டு தருவியளோ ஐயா? ஆடுகளுக்கு லேசு," என்று என்னிடம் வந்தார். எனக்காகப் பேசியவர் அல்லவா? வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று, பச்சைக்குப் பக்கத்துத் துண்டு கிடைத்தவரோடு பேசினேன். அவருக்குக் கடை போட ரோட்டோரம் வாய்ப்பாக இருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.

"இனிக் குடியெழும்பத் தேவையில்லைத்தானே?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இல்லை அம்மா. இது நான் கீறின படம்," என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்குக் கூசுகிறது.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. மண்சுவர் எழுப்பி, கிடுகு வேய்ந்து, முருங்கை நட்டிருந்தார். அந்தப் பக்கம் போனால் தேத்தண்ணி தராமல் அனுப்பமாட்டார்.

பிறகு ஒருநாள், சீருடை அணிந்த அதிகாரி ஒருவர் கந்தோருக்கு வந்தார். முகாம் போட இடம் வேண்டும் என்று மரியாதையாகவே கேட்டார். மேசையில் படங்களை விரித்தோம். அவருடைய விரல் அலைந்து அலைந்து என் பச்சையில் போய் நின்றது. வீடு இல்லை, தண்ணீர் இருக்கிறது, கண்ணுக்கு எட்டியவரை வெளி. "நல்ல படம்," என்றார். மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சண்டை நடக்கிற நாட்டில் வெளியையும் தண்ணீரையும் சேர்த்து விட்டுவைத்தால் அது யாருக்கு வாய்க்கும் என்று ஒரு நிமிடமாவது யோசிக்காத மடையன் நான்.

முதலில் ஓடையைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. பிறகு, பாதுகாப்புக்காகப் பக்கத்து வீடுகளையும் எடுக்க வேண்டும் என்றார்கள். புதிய எல்லையைப் படத்தில் கீறும் வேலை என்னிடமே வந்தது. கோட்டுக்குள் முதலாவதாக விழுந்தது அவருடைய வீடு. ஏலாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், பயமும் இருந்தது. கீறினேன்.

தனக்குக் காணி இருந்தது என்று கடிதம் வாங்க அவர் கந்தோருக்கு வந்தார். அது இருந்தால்தான் நிவாரணப் பதிவு. கதிரையின் விளிம்பில் இருந்தார். எழுதி முடித்துக் கடிதத்தை நீட்டினேன். "நான் அந்தத் துண்டை மாத்தித் தராட்டி…" என்று தொடங்கினேன்.

"நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்," என்றார். கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஆனா ஐயா, இனி எங்கயும் சனத்துக்குக் காணி பிரிச்சா வெளி விடாதேங்கோ. அடைச்சு வீட்டை வையுங்கோ."

அவர் போனபின் கந்தோரின் பின்பக்கம் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு நான் கீறிய குடியிருப்பு எதிலும் வெளி இல்லை. ஓடைகளின் மேலேயே வேலிக்கோடு போட்டேன். அவற்றில் ஒன்றில் மாரி தவறாமல் வெள்ளம் ஏறி, சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். படம் கீறியவனைத் தாறுமாறாகத் திட்டுகிறார்களாம். திட்டட்டும். வெள்ளம் வடிந்ததும் அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள்.