வேலிக்கு வெளியே பிடுங்கிய தண்டு

வெண்டல் ஷ்ராக்கைப் போல ஒரு ஜம்பக்காரனை எங்கள் ஓக்லஹோமாவில் நான் கண்டதில்லை. பன்னிரண்டு வருடமாக என் நிலம் அவன் குத்தகையில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் கோதுமை விதைத்து, குளிர் முழுக்கக் கன்றுகளை அதில் மேயவிடுவான். மேய்ச்சல் முழுவதும் அவனுக்கு. ஜூனில் அறுக்கும் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு. தனிக்கட்டையான எனக்கு அந்தப் பங்கில்தான் வருடம் ஓடுகிறது. அவனுக்கென்ன கவலை?

குளிர் விடும்போது பயிரைப் பிடுங்கித் தண்டைப் பிளந்து பார்க்க வேண்டும். அடித்தண்டின் உள்ளே நகமளவு வெற்றுக் குழல் விழுந்திருந்தால், கதிர் மேலேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; மாட்டை வெளியேற்றியாக வேண்டும். இல்லையென்றால் வரப்போகும் கதிரும் மாட்டின் வாய்க்குள் போய்விடும். மேய்ந்த பயிர் பின்தங்கி நிற்கும். அதனால் மாடு வாய் வைக்காத பயிரில்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு தண்டோடு வந்து நின்றான். கூடவே அவன் மனைவி லோரீன்.

"பாருங்கம்மா, கெட்டியா இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் மேயலாம்."

"எங்க பிடுங்கின?"

"நடு வயல்ல."

"மாடு கடிச்சதைக் கொண்டாந்து எங்கிட்டயே காட்டுறியா?"

லோரீன் கோட்டுப் பையிலிருந்து மண்ணோடு ஒரு பயிரை எடுத்தாள். "இது வேலிக்கு வெளியில பிடுங்கினதும்மா." பிளந்தாள். என் நகம் உள்ளே போனது.

"அவ கெடக்கா," என்றான் வெண்டல். "கேக் சுடத் தெரியும், அதோட சரி. நான் சந்தைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் யாரும் வயல் கேட்டைத் தொடக் கூடாது."

தூ, இவனெல்லாம் ஒரு விவசாயி.

மறுநாள் காலை ஜன்னலில் பார்த்தேன். லோரீன் தீவனப் பையைக் குலுக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். நூற்றிருபது கன்றுகளும் அவள் பின்னால் புல்வெளிக்குப் போயின. திரும்பி வந்தவன் அவளோடு ஒரு வாரம் பேசவில்லையாம். நிம்மதியாக இருந்திருப்பாள்.

ஜூனில் கதிர் இடுப்புயரம் நின்றது. தானியக் கிடங்கில் காபி குடித்துக்கொண்டு எல்லோரிடமும் அளந்தான்: "சரியான நாள்ல மாட்டை எடுத்தேன். எல்லாம் என் கை வாகு."

குத்தகையைப் புதுப்பிக்க இருவரும் வந்தார்கள். அவன் பேனாவைத் திறந்தே வைத்திருந்தான். நான் தாளை லோரீன் பக்கம் தள்ளினேன். அதில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது.

"அப்ப நானு?" என்றான்.

"நீ மாடு மேய்ச்சுக்கோ. கேட்டை எப்பத் திறக்கணும்னு அவளைக் கேட்டுக்கோ."

லோரீன் அவன் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.